நல்லம்பள்ளியிலிருந்து பிஸ்கட் கம்பெனிக்கு: அக்கா தனியாகப் போன பஸ்

ஒகேனக்கல்லுக்கு எப்படிப் போவது, எங்கே மீன் சாப்பிடுவது என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இது பத்து கிலோமீட்டர்கூட இல்லாத பயணம். நல்லம்பள்ளியில் ஏறி, தர்மபுரி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் இறங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் இதைத் தேடிப் படிக்க வேண்டியவர்கள் சிலர் எங்கேயாவது இருப்பார்கள் என்று நினைக்கிறேன். வளர்ந்தும் வளராத பிள்ளை என்று ஊர் சொல்லும் ஒரு அக்காவோ அண்ணனோ உங்கள் வீட்டிலும் இருந்தால், இது உங்களுக்குத்தான்.

அம்மாவின் போனில், போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன்.

அக்கா கௌரிக்கு இருபத்தொரு வயது. எட்டாவது வரை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தாள், எழுத்து மட்டும் வரவில்லை. வீட்டு வேலை எல்லாம் செய்வாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், பாத்திரம் துலக்கினால் முகம் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை சந்தையில் காணாமல் போய், இருட்டுகிற நேரத்தில்தான் கிடைத்தாள். அதற்குப் பிறகு அப்பா அவளைத் தனியாக வாசல் தாண்ட விட்டதில்லை.

எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருநாள் வருகிற சிறப்பு ஆசிரியைதான் இந்த பிஸ்கட் கம்பெனி பற்றிச் சொன்னார். ராகி பிஸ்கட், கம்பு லட்டு செய்து கடைகளுக்குப் போடுகிறார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற சில குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்தது. வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் அக்கா மாதிரிதான். சம்பளம் அவரவர் வங்கிக் கணக்கில் போய்விடும். ஆனால் வேன் கிடையாது. அதனால் இரண்டு விஷயம் கேட்கிறார்கள். தானாக பஸ்ஸில் வந்து போக வேண்டும். அப்பாவோ அம்மாவோ ஒருமுறை நேரில் வந்து இடத்தைப் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். "வேல கெடக்கட்டும். பஸ்ல ஏறி எங்கியாவது எறங்கிட்டாள்னா, அப்பறம் யாரு தேடறது? நீ தேடுவியா?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

அதனால் அவருக்குத் தெரியாமல் பழக்கினேன். ஸெராக்ஸ் எடுக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். அக்காவுக்கு பஸ் போர்டு படிக்க வராது. முன்பக்கம் ரோஸ் கலர் அடித்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அதனால் அந்த நிறத்தை அடையாளமாக வைத்தோம். தர்மபுரி பக்கம் போகிற பஸ் டீக்கடைக்கு எதிரில் நிற்கும். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார வேண்டும். இறங்குகிற இடத்துக்கும் ஒரு அடையாளம் சொன்னேன். அங்கே கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் ஒன்று கட்டியிருந்தது. பெரிய மீசை வைத்த ஒரு தாத்தா. அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, மீசைத் தாத்தா என்று பெயர் வைத்தாள். "மீசைத் தாத்தா வந்ததும் எறங்கிடணும், சரியா?" என்றேன். சரி என்றாள். இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள், நான் செய்த முட்டாள்தனம் இதுதான்.

இன்று சனிக்கிழமை, ஒருநாள் வேலை செய்து பார்க்க அக்காவைக் கம்பெனிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் அரூரில் ஒரு காதுகுத்துக்காகக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். எட்டு பத்துக்கு பஸ். அக்கா பச்சை சுடிதார் போட்டு, டிபன் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். என்னைத் தெரியாத மாதிரி இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். நான் பின்வாசலில் ஏறினேன். அவள் திரும்பிப் பார்த்து, "பாப்பா, உன்ன எனக்குத் தெரியாது," என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தவர்களில் பால் சொசைட்டியில் அளவு எடுக்கும் முருகேசன் மாமாவும் ஒருவர். அப்பா தினமும் பால் ஊற்றுவது அவரிடம்தான்.

சனிக்கிழமையில் இந்த பஸ் நிறைந்து வழியும், தெரிந்துகொள்ளுங்கள். பூக்கூடை, கீரைக்கட்டு, ஒரு சைக்கிள் டயர்கூட இருந்தது. நான் பின்னால் நசுங்கி நின்றேன். மேம்பாலம் வருவதற்கு முன்னால் ஒரு நிறுத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கே மீசைத் தாத்தா சிரித்துக்கொண்டிருக்கிறார். பதினாறாம் நாள் காரியத்துக்கு என்று அவர் வீட்டுக்காரர்கள் இங்கேயும் ஒன்று கட்டியிருக்கிறார்கள்.

அக்கா இறங்கிவிட்டாள்.

அவள் தப்பே செய்யவில்லை. தாத்தா இருக்கிற இடத்தில் இறங்கச் சொன்னேன், இறங்கினாள். நான் கூட்டத்தை முட்டி முன்னால் வருவதற்குள் விசில் அடித்துவிட்டார்கள்.

"அண்ணா, நிறுத்துங்க, எங்கக்கா எறங்கிடுச்சு."

"அதான் எறங்கிடுச்சே, உனக்கென்னா?" என்றார் கண்டக்டர்.

"தப்பான ஸ்டாப்புங்கண்ணா."

"பாலத்து மேல நிறுத்த முடியுமாம்மா? அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்க. முன்னாடியே சொல்லக் கூடாது?"

பாலம் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். ஒரு கிலோமீட்டர் இருக்கும், சர்வீஸ் ரோட்டில் திரும்பி ஓடினேன். அப்பா கேட்டது காதிலேயே இருந்தது. நீ தேடுவியா? எதிரே பஸ் ஒன்று என்னைத் தாண்டிப் போனது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபிளக்ஸுக்குக் கீழே யாரும் இல்லை. பக்கத்தில் ஒரு அம்மா போண்டா போட்டுக்கொண்டிருந்தார்.

"பச்ச சுடிதாரா? டிபன் பாக்ஸு வெச்சிருந்துச்சே, அதா?" என்றார். "அது அப்பவே போயிடுச்சே. பிஸ்கட்டுக் கம்பெனி எங்கன்னு கேட்டுச்சு. பாலம் தாண்டி தண்ணி டேங்குகிட்டன்னு சொல்லி அடுத்த பஸ்ல நாந்தான் ஏத்தி வுட்டேன். கண்டக்டர்கிட்டயும் சொல்லிருக்கேன். நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற? தண்ணி குடி."

ஒரு மடக்கு குடித்தேன். அடுத்த பஸ் இருபது நிமிடம் கழித்துதான் வந்தது. தண்ணி டேங்குக்கு முன்னால் இறங்கி, இடது பக்கச் சந்தில் ஐந்து நிமிடம் நடந்தால் கம்பெனி. நீல கேட். ராகி வறுபடுகிற வாசனை சந்து முனைக்கே வந்துவிடும்.

உள்ளே போனால், அக்கா தலையில் வலைத் தொப்பி மாட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரில் அங்கே பொறுப்பாக இருக்கும் வசந்தி அக்கா.

"என் தங்கச்சியக் காணோம்," என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ரோட்டுல ஓடுனா. நான் பஸ்லருந்து கை காட்டுனேன், அவ பாக்கல. சின்னப் பொண்ணு. பயந்துக்குவா."

"இவங்களாங்க உங்க தங்கச்சி?" என்று வசந்தி அக்கா என்னைக் காட்டிக் கேட்டார்.

"ஆமா. எங்க போன நீ?" என்றாள் அக்கா.

அவளை யாரும் வாங்க போங்க என்று பேசி நான் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன். பிறகு நடந்ததைச் சொன்னேன், ஃபிளக்ஸ் விஷயத்தையும் மறைக்கவில்லை. இனிமேல் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அக்கா பக்கம் திரும்பி அவளிடமே கேட்டார்.

"வேற எடத்துல எறங்கிட்டீங்களே, என்ன பண்ணீங்க?"

"போண்டாக்காரம்மாவக் கேட்டேன்."

"ஏன் அவங்களக் கேட்டீங்க?"

"அவங்க எங்கியும் போவல. போண்டா வெந்துட்டிருந்துச்சு."

வசந்தி அக்கா சிரித்தார். "இங்க இருக்கற எல்லாருமே ஒருக்கா மாறி எறங்கினவங்கதான். எம் பையன் தொப்பூர் வரைக்கும் போயிட்டான்," என்றார். அந்தப் பையன், முப்பது வயது இருக்கும், அடுப்புப் பக்கமிருந்து, "அம்மா, அதச் சொல்லாத," என்று கத்தினார்.

மூன்று மணி வரை அக்கா வேலை செய்தாள். பிஸ்கட்டுகளைக் கவரில் போட்டு, வாயை மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். முதல் ஏழெட்டுக் கவர் சுருங்கிப் போனது. பிறகு சரியாக வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணோடு ஒரு சண்டையும் போட்டாள், ஸ்டூலுக்காக. திங்கட்கிழமை அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வந்தால் அன்றே சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள்.

திரும்பி வருவது சுலபம், எல்லா ரோஸ் பஸ்ஸும் நல்லம்பள்ளியில் நிற்கும். வருகிற வழியில் புது அடையாளம் சொல்லிக் கொடுத்தேன். பாலம், அப்புறம் தண்ணி டேங்கு.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஃபிளக்ஸ், இளநீர் வண்டி, மரத்தடியில் கட்டிய மாடு எதையும் அடையாளமாக வைக்காதீர்கள். பாலமும் டேங்கும் நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஒன்பது மணி வேலைக்கு ஏழே முக்காலுக்கு நல்லம்பள்ளியில் நின்றுவிட்டால் கூட்டம் குறைவு, உட்கார இடம் கிடைக்கும். ரோஸ் பஸ் வராவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுங்கள், கையில் இருபது ரூபாய் கொடுத்து வையுங்கள், தனியார் பஸ்ஸுக்கு அது போதும். முக்கியமாக, வழி தவறினால் யாரைக் கேட்பது என்று பழக்குங்கள். நான் அதைப் பழக்கவே இல்லை, அவளாகத்தான் செய்தாள். இன்னொன்று, வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நான் இன்னும் சொல்லவில்லை. காலை ஆறு மணிக்கு அப்பா பால் ஊற்றப் போவார். முருகேசன் மாமா அங்கே இருப்பார்.

ராத்திரி சாப்பிடும்போது அக்காதான் ஆரம்பித்தாள். "திங்கக்கெழமலருந்து எனக்கு வேல."

"அப்படியா? எந்த ஊரு கலெக்டரு?" என்று அப்பா சிரித்தார்.

"பிஸ்கட்டு. ரோஸ் பஸ்ல போவணும். டிரைவர் பின்னாடி ஒக்காரணும். பாலம் வரும், அப்பறம் தண்ணி டேங்கு. எந்திரிச்சு நின்னுக்கணும். மீசத் தாத்தாவ நம்பக் கூடாது, அவரு எடம் மாறிட்டே இருப்பாரு."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அம்மா என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார். தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதற்கு மேல் எழுத எதுவும் இல்லை என்று நினைத்தேன். இப்போது வெளியே கட்டில் கிரீச்சென்றது.

"கௌரி," என்றார் அப்பா, இருட்டுக்குள். "அந்த டேங்குக்கு முன்னாடி எறங்கணுமா, தாண்டியா?"

அக்கா தூங்கி ரொம்ப நேரம் ஆகிறது. வாயால் மூச்சு விடுகிறாள். நானும் தூங்குகிற மாதிரியே கொஞ்ச நேரம் இருந்தேன். அப்பா திரும்பப் படுக்கவில்லை. கட்டில் சத்தம் கேட்கவே இல்லை.

"முன்னாடிப்பா," என்றேன், போர்வைக்குள் இருந்தே.

"ம்," என்றார். பிறகு, "அந்தப் போன வெச்சுட்டுத் தூங்கு. திங்கக்கெழம வெள்ளன எந்திரிக்கணும்," என்றார்.

வைக்கிறேன்.