இசைத்தட்டுக்குக் கேதம் கேட்டவர்கள்

ஆவூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில், சிங்கப்பூரார் அடைக்கலசாமி தம் வீட்டு நெற்குதிருக்குள் ஒரு வெள்ளைக்காரனை அடைத்து வைத்திருக்கிறார் என்றும், மாதா கோவிலில் அந்தி மணி அடித்ததும் அவன் கத்துகிறான் என்றும் 1966 கோடையில் ஒரு பேச்சு கிளம்பியது. அன்னவாசல் டீக்கடையில் அது ஒரே ஒரு வெள்ளைக்காரனாக இருந்தது. கீரனூரில் இரண்டு. குன்றாண்டார்கோவிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு பேராகி, அதில் ஒருவர் துரையாகவும் உயர்ந்துவிட்டார். சுதந்திரம் வாங்கி இத்தனை வருஷம் ஆகியும் நம்மவர்களுக்கு அந்தப் பாசம் விடவில்லை. ஒருத்தனையாவது எங்கேயாவது பத்திரப்படுத்தி வைத்திருக்கவேண்டும் என்று ஆசை.

மெய்யா பொய்யா என்று போய்ப் பார்த்தால், குதிர் இருந்தது. வெள்ளைக்காரன் கிடக்கட்டும், அதற்குள் நெல்லே இல்லை. மழை பொய்த்த அந்த வருஷம் யார் வீட்டுக் குதிரில்தான் இருந்தது? குதிருக்குப் பக்கத்து முக்காலியில் பேட்டரியில் ஓடும் ரிக்கார்டு பிளேயர் ஒன்று. அதன்மேல் ஒரு பெரிய இசைத்தட்டு. தட்டின் உறையில் நாலு பையன்கள் கிதாரும் கையுமாக நின்றார்கள். ஒருவன் சீனன், ஒருவன் மலாய்க்காரன், ஒருவன் வெள்ளை ரத்தம் கலந்த சட்டைக்காரன், மேளமடிக்கிறவன் மட்டும் நம் பக்கத்து ஜாடை. நாலு பேரும் சிங்கப்பூரில் பிறந்து இங்கிலீஷில் பாடுகிறவர்கள். ஆக, வதந்தியில் உண்மையென்று தேறியது குதிரும் அந்தி மணியும்தான்.

அடைக்கலசாமி சிங்கப்பூர்த் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். பாதி வாழ்நாளை அங்கே கழித்துவிட்டு, இனிமேலாவது பெண்டாட்டியோடு இருக்கலாம் என்று பெட்டி கட்டினார். அவர் கப்பலேறுவதற்கு முந்தின வருஷமே வியாகுலமேரி காய்ச்சலில் போய்விட்டாள். மகள் அருள்ராணி திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வீட்டில் பேச்சுக்குரல் என்று இருந்தது கதவுக் கீல் போடும் சத்தம்தான். அதற்கும் ஒருநாள் யோசனையில்லாமல் எண்ணெய் போட்டுவிட்டார்.

அந்தத் தட்டு அவருக்குக் கடையில் அறிமுகமானதல்ல. சிங்கப்பூரில் அவர் குடியிருந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். அந்தப் பையன்கள் சாயந்தரம் சாயந்தரம் அங்கே கூடிப் பாட்டுப் பழகுவார்கள். ஆரம்பத்தில் செருப்பை எடுத்துத் தடுப்பில் அடித்து அதட்டினார். அப்புறம் ஒருநாள் பையன்கள் வரவில்லை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதிலிருந்து அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எங்கே சண்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

முதல் பாட்டில் கிதார் தனியாக வரும். சரளைக் கல்லில் சைக்கிள் இறங்குவதுபோல் கொஞ்சம் தடதடத்து, பிறகு ரோட்டைப் பிடித்துவிடும். அந்த இடத்தைச் சீனப் பையன் எத்தனை தரம் கோட்டை விட்டிருக்கிறான்! தட்டில் ஒரு பிசிறு கிடையாது. அடைக்கலசாமிக்குத்தான் ஒவ்வொரு தரமும் நெஞ்சு பக்கென்று நின்று, அவன் தாண்டினதும் ஓடும். மூன்றாவது பாட்டில் இரண்டாவது கிதார் சும்மா காத்திருக்கும். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடைவெளியில் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வியாகுலமேரி அப்படித்தான் பேசுவாள்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடியும்வரை எழுந்திருக்காமல் கேட்டால் போதும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கோவில் உபதேசியார் சூசைராஜைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். உபதேசியார் பாட்டைக் கேட்கவில்லை, உறையைப் பார்த்தார்.

"இவங்க கத்தோலிக்கங்களாண்ணே?"

"தெரியலையே."

"முடியப் பாத்தா காட்டுல திரிஞ்ச ஸ்நாபக அருளப்பர் சீடப்புள்ளைங்க மாதிரி இருக்கு. முடிவெட்ட ஆளில்லாத ஊரா?"

இரண்டாவது பாட்டுக்கு முள் நகர்வதற்குள் அவருக்கு ஜெபமாலைக்கு நேரமாகிவிட்டது. ஜெபமாலைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

ஆளைக் கூப்பிட்டால் வரமாட்டார்கள், பாட்டே போய்க் கூப்பிடட்டும் என்று மறுநாள் பாட்டுப் பெட்டியைத் தூக்கி ஜன்னலில் வைத்து, சத்தத்தைக் கடைசிவரை திருப்பினார். அன்றைக்குப் பார்த்துப் பேட்டரி தளர்ந்துபோயிருந்தது. தட்டு மெதுவாகச் சுற்ற, பாடுகிற பையனின் குரல் கிணற்றுக்குள் இறங்கி, அடிவயிற்றிலிருந்து ஊளையாகக் கிளம்பிற்று.

கண்மாய்க்கரையில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த மூக்காயி காதில் அது விழுந்தது. "அடி ஆத்தே, சிங்கப்பூரார் வீட்டுல கேதம்டி" என்று கொண்டையை அவிழ்த்தாள். கூட இருந்த அழகியும் மற்றப் பெண்களும் விறகைப் போட்டார்கள். அடைக்கலசாமி புதுப் பேட்டரி மாற்றிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் ஒப்பாரி.

மூக்காயி மார்பில் அடித்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அதற்குள் தட்டு சரியான வேகத்தில் ஓட ஆரம்பித்தது. அழகி மிரண்டுபோய்க் கேட்டாள்: "என்னக்கா, எழவு வீட்டுல மேளமும் கீளமும்?"

"வேதக்காரங்க பொணத்துக்குப் பேண்டு வப்பாங்கடி. சும்மா இரு."

அடைக்கலசாமி வாயைத் திறந்தார். வியாகுலமேரி போனபிறகு அந்த வீட்டில் இத்தனை பேர் உட்கார்ந்ததில்லை. வாயை மூடிக்கொண்டார். முள்ளைத் தூக்கி முதலிலிருந்து வைத்தார்.

கேத வீட்டில் யாரும் வெட்டிப்பேச்சுப் பேசமாட்டார்கள், எழுந்து நடமாடமாட்டார்கள், தலையைக் குனிந்து இருப்பார்கள். கச்சேரிகளுக்கு இந்த மாதிரிச் சபை வாய்ப்பதில்லை. சைக்கிள் சரளையில் இறங்கி ரோட்டைப் பிடித்தது. மூன்றாவது பாட்டில் அந்த இரண்டாவது கிதார் ஒதுங்கிக்கொண்டபோது, மூக்காயி சேலைத் தலைப்பால் உண்மையாகவே கண்ணைத் துடைத்தாள். அடைக்கலசாமி அதைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் பக்கம் முடிந்து முள் வெறுமனே உரசியது.

"எப்ப தம்பி எடுக்குறாங்க?" என்றாள் மூக்காயி.

"எதங்கக்கா?"

"என்னத்த எதங்கக்கா? செத்தது யாரு?"

"யாரும் சாகலங்க. இது பாட்டு."

 அழகிதான் முதலில் சிரித்தாள். மூக்காயி சிரிக்கவில்லை.

"எம்புருசனுக்குக்கூட இம்புட்டு அழுகல. இத எவங் கணக்குல எழுதுறது?"

"தப்புத்தாங்கக்கா."

"தப்பு ஒப்பு எனக்குத் தெரியாது. ஒரு வீட்டுல போயி அழுதா, அந்த வீட்டாளு நம்ம வீட்டுல வந்து அழுகணும். ஒன் வீட்டுல பொம்பள இல்ல. நீதான் வந்து அழுகணும்."

"வந்துர்றேங்க. அதுக்கு முன்னாடி மறுபக்கம் ஒண்ணு இருக்கு, கேட்டுட்டுப் போங்களேன்."

"விறகு கெடக்குய்யா கரையில."

எல்லோரும் எழுந்தார்கள். கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. இது கேத வீடு இல்லை என்று தெரிந்த பிறகும், பழக்கமோ கோபமோ, ஒருத்தியும் சொல்லவில்லை. அடைக்கலசாமி தட்டைத் திருப்பிக் கையில் பிடித்தபடி வாசல்வரை வந்து நின்றார்.

அதற்கப்புறம் பேட்டரி தளராமல் பார்த்துக்கொண்டார். தளரவிட்டாலாவது யாராவது வருவார்களா என்று ஒருநாள் விட்டும் பார்த்தார். கரையிலிருந்து அழகியின் சிரிப்புத்தான் வந்தது.

மூக்காயி மட்டும் அவரை எங்கே கண்டாலும் விடுவதில்லை. சந்தையில் பத்துப் பேர் நடுவில் கையை நீட்டுவாள்: "இந்தா நிக்கிறாரே, எனக்கு ஒரு அழுகை பாக்கி வச்சிருக்காரு."

"இப்பவே வேணா வந்து அழுதுர்றேங்கக்கா."

"உசுரோட இருக்கறவளுக்கு அழுதா கழியாது தம்பி. நீ இரு, நான் சொல்லியனுப்புறேன்."

அடைக்கலசாமி சாயந்தரம் வாசற்கதவைத் திறந்துபோட்டுத் தட்டை வைக்கிறார். பாக்கி அப்படியே நிற்கிறது. மூக்காயிக்கு இன்னும் ஒரு பல்கூட ஆடவில்லை.