‘டேக்’குக்கு நாற்பத்தொரு கருத்து

சென்ற வாரம் என் இளைய மகள் ஆங்கிலப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்க, அப்போதுதான் கடையில் எடுத்துவந்த ஃபோட்டோ பிரதிகள். “வாப்பா, ‘டேக்’ என்டா எத்தின கருத்து இரிக்கி?” என்று கேட்டாள். “நாற்பத்தொன்று” என்றேன், யோசிக்காமலே. அவள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதில அதவிடக் கூட இரிக்கே” என்றாள். முப்பது வருடமாக நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெருமை இரண்டு விநாடியில் போயிற்று.

ஆனால் என்னைத் தூக்கிக்கொண்டு போனது அந்தப் பிரதிகளின் மைவாசனை. கார்பன் தாளுக்கும் கிட்டத்தட்ட இதே வாசனைதான். அந்த நாட்களில் என் விரல், சட்டைக் கை, சோறு எல்லாவற்றிலும் அது இருந்தது. உம்மா நான் சாப்பிட்ட பீங்கானைத் தனியாகக் கழுவுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. மீசைதான் ஒழுங்காக வரவில்லை, ஆங்கிலம் பொங்கி வழிந்தது. கல்முனையில் தபால் கந்தோர்ப் பக்கம் மீரா காக்காவின் டைப்பிங் கடையில் வேலை. காக்கா என்றால் எங்களில் அண்ணன். இரண்டு தட்டச்சு இயந்திரம், வருகிறவர்கள் உட்கார ஒரு வாங்கு, ஈரம் குடித்து உப்பிய கதவு. விண்ணப்பம், வெளிநாட்டுக் கடிதம், காணிப் பிணக்கு என்று சனம் வந்துகொண்டே இருக்கும். தமிழில் சொல்வார்கள், நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். அப்படி அடிக்கிற மனுவுக்கு எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்று பெயர்.

ஆள் வராத நேரத்தில் ஒரு சி.ஆர். கொப்பியில் சொல் சேர்ப்பேன். அதில் ‘டேக்’குக்கு மட்டும் நாலு பக்கம். வெள்ளைக்காரன் குளிப்பதற்கும் டேக், தேநீர் குடிப்பதற்கும் டேக், மருந்துக்கும் படத்துக்கும் விடுமுறைக்கும் டேக் போடுகிறான் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். அதற்குப் பக்கத்திலேயே அதே கருத்துள்ள வேறு சொற்கள்: பிடிப்பது, பறிப்பது, கொண்டுபோவது, கைப்பற்றுவது, கடத்துவது. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் கோடு. வருகிற பெட்டிசத்தில் எல்லாம் இவற்றை எங்கேயாவது செருகிவிடுவேன். மலசலகூடம் கட்டக் கேட்கும் விண்ணப்பத்தில்கூடத் தாழ்மையாக வேண்டி, மன்றாடி, இறைஞ்சுவேன். படித்த அதிகாரி சிரித்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவன் வியந்துபோவான் என்றல்லவா நினைத்தேன்!

மீரா காக்காவுக்கு ஒரே ஒரு சட்டம். பெட்டிசத்தின் அடியில், இடது மூலையில், அடித்தவனுடைய பெயரின் முதல் இரண்டு எழுத்து இருக்கவேண்டும். “பொறவு வந்து நான் அடிக்கல்ல என்டு சொல்லப்படா மனே” என்பார். அந்த இரண்டு எழுத்தைப் பார்க்க எனக்கும் பெருமைதான். பூரணம் அக்கா வரும் வரைக்கும்.

அவர் பாண்டிருப்பு. எங்கள் கடையிலிருந்து சைக்கிளில் போனால் வியர்க்காது, அவ்வளவுதான் தூரம். ஆனால் அந்தக் காலத்தில் அந்தத் தூரத்தை யாரும் கடக்கவில்லை. தமிழ் ஊரும் எங்கள் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த நாட்கள். ஒரு முற்பகலில் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு தனியாக வந்து நின்றார். வாங்கில் இருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். எனக்கும் எழுந்து போய்விடலாமா என்றுதான் இருந்தது.

“தம்பி, எங்கட ஊரில மிசின் இருந்த கடை எரிஞ்சி போச்சி. நீங்கதான் எழுதித் தரணும்” என்றார்.

அவருடைய கணவர் கரைவலை இழுக்கிறவர். வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது வாகனத்தில் ஆட்கள் வந்திருக்கிறார்கள். யார் என்று அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்கிற காலமில்லை.

“இழுத்துட்டுப் போனாங்க தம்பி. சேட்டுக்கூடப் போட உடல்ல. நான் சேட்ட எடுத்துட்டுப் பின்னால ஓடினன். வாகனம் போயிட்டு.” கையிலிருந்த சொப்பிங் பையைத் திறந்து காட்டினார். நீலக் கோடு போட்ட சேட்டு, மடித்தபடி இருந்தது.

அடிக்கத் தொடங்கினேன். மேதகு ஐயா, தாழ்மையாக, இறைஞ்சி. எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது. “என் கணவரை” என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என் கொப்பியில் நாலு பக்கம் இருந்தது. எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கீழே, இடது மூலையில் என் எழுத்து இரண்டும் இருக்கும். இழுத்துப் போனார்கள் என்று யார் எழுதியது என்று யாராவது தேடி வந்தால்? பெட்டிசம் எந்தெந்த மேசைக்குப் போகும், யார் கையில் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் உம்மாவும் எனக்கு மூத்த, கலியாணம் ஆகாத இரண்டு ராத்தாமாரும் இருந்தார்கள்.

‘லெஃப்ட் ஹோம்’ என்று அடித்தேன். என் கணவர் வீட்டை விட்டுச் சென்றார், இன்றுவரை திரும்பவில்லை. வாசிக்க அழகாகத்தான் இருந்தது.

“எல்லாம் போட்டீங்களா தம்பி?” என்று கேட்டார். “ஓம் அக்கா, எல்லாம் போட்டிரிக்கி” என்றேன். கைநாட்டு வைக்கவில்லை, எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார். ஆங்கிலம் மட்டும்தான் அவருக்குத் தெரியாது.

பயந்தேன் என்பதற்காக என்னை நானே கொஞ்சம் மன்னித்துவிடுவேன். அந்த நாட்களில் பயப்படாதவன் யார்? பிறகு நடந்ததற்குத்தான் எனக்கு மன்னிப்பில்லை.

நாலு வருடம் போயிற்று. நான் ஆங்கில ஆசிரியராகிவிட்டேன். மீசையும் வந்துவிட்டது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கக் கொழும்பிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். புது நீளக் காற்சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். சிரிக்காதீர்கள், விசாரணைக்குத்தான்.

பகல் சாப்பாட்டுக்கு முந்திய கடைசி ஆள் பூரணம் அக்கா. என்னைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. “தம்பி, நீங்களா!” என்று கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சொப்பிங் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

அதிகாரி அக்காவின் மனு இருந்த கோவையைத் திறந்தார். என் பெட்டிசம்தான். வாசித்துவிட்டு, நல்ல ஆங்கிலம், இந்த ஊரில் இப்படி எழுதுகிறவர் யார் என்று கேட்டார். நான் சிரித்தேன். நான்தான் என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது. பிறகு அவர் கேட்டார்: முதல் மனுவில் கணவர் வீட்டை விட்டுப் போனார் என்றிருக்கிறது. இப்போது படிவத்தில் ஆட்கள் பிடித்துப்போனார்கள் என்கிறாள். எது உண்மை என்று கேளுங்கள்.

ஒரு வசனம் போதும். ஐயா, அவர் சரியாகத்தான் சொன்னார், நான் பயத்தில் மாற்றி எழுதினேன். என்னுடைய ஆங்கிலத்துக்கு இது ஒரு பாரமா? ஆனால் நல்ல ஆங்கிலம் என்று ஒருவர் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பாராட்டு இன்னும் இனித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் பக்கம் திரும்பி, “எப்ப நடந்த என்டு கேக்கிறார்” என்றேன்.

அவர் மாதம், நாள், நேரம் எல்லாம் சொன்னார். சேட்டை எடுத்து மேசையில் வைத்தார். “ஐயாட்டச் சொல்லுங்க தம்பி, சேட்டுப் போடாம எந்த மனிசன் வெளிய போவான் எண்டு.”

நான் அதிகாரியின் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினேன். கிராமத்துப் பெண், படிப்பில்லை, வருடங்கள் கடந்ததில் நினைவு குழம்பியிருக்கலாம், கணவர் அவருக்கு முக்கியமானவர் என்பதால் உணர்ச்சிவசப்படுகிறார் என்று. நல்ல நல்ல சொற்களாகப் போட்டேன். அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி கோவையின் மேல் ஏதோ எழுதி மூடி, அடுத்த அடுக்கில் வைத்தார். தானாகப் போனவர்களின் அடுக்கு அது.

வெளியே வேப்பமரத்தடியில் எனக்காக நின்றுகொண்டிருந்தார். “எவ்வளவு நேரம் எனக்காகக் கதைச்சீங்க தம்பி! சொந்தத் தம்பிகூட இப்பிடிக் கதைச்சிருக்க மாட்டான்” என்று என் இரண்டு கையையும் பிடித்தார். நான் கையை இழுக்கவில்லை. “பார்ப்பாங்க அக்கா” என்றேன். அடுத்த கிழமை அக்காவிடமிருந்து வீட்டுக்கு ஆள் மூலம் ஒரு பை உலர்ந்த கூனி இறால் வந்தது. உம்மா சட்டியில் போட்டுச் சுண்டினார். நானும் சாப்பிட்டேன்.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாகப் போய், “பொறுத்துக்கொள்ளுங்க” என்று கேட்பது எங்கள் ஊர் வழக்கம். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் பொறுக்கவேண்டும், அதுவரை அல்லாஹ்விடம் அழுதும் பலனில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இரண்டு வருடத்துக்கு முன் என் முறை வந்தது. சொந்தக்காரர், அயலவர், பழைய மாணவர்கள் என்று எல்லா வீட்டுக்கும் போனேன். ஒருவர் விடாமல், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தார்கள். உண்மையிலேயே ஒன்றுமில்லாதவர்களிடமே கேட்டுக்கொண்டு திரிந்தேன். கடைசி நாள் பாண்டிருப்புக்குப் போனேன்.

கடலோரத்தில் அக்காவின் வீடு இருந்த வரிசையே இல்லை. சுனாமி வந்த அன்று காலை கடல் அப்படியே வழித்துக்கொண்டு போயிருந்தது. சில இடங்களில் சீமெந்துத் தரை மட்டும் மணலுக்குள் தெரிந்தது. விசாரித்து விசாரித்து உள்பக்கத்தில் கட்டிக்கொடுத்த வீடுகளில் அவருடைய மகளைக் கண்டுபிடித்தேன். அப்பாவைக் கொண்டுபோனபோது அவள் கைப்பிள்ளையாம். அம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றாள். எத்தனை ஊருக்குப் போய் எத்தனை பேருக்கு எழுதியும் அப்பாவின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை, ஏனென்று தெரியவில்லை என்றாள்.

ஏனென்று தெரிந்த ஒரே ஆள் அவளுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். பொறுத்துக்கொள் என்று கேட்பதற்கு வாயைத் திறந்தேன்.

“நீங்க கல்முனையில படிப்பிக்கிற சேர்தானே? எங்களுக்காக இங்கிலீசில கதைச்சவரு?” என்றாள், முகமெல்லாம் மலர்ந்து. “அம்மா சாகுமட்டும் உங்களத்தான் சொல்லுவா.”

“ஓம்” என்றேன்.

“இருங்க சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்” என்று உள்ளே போனாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.