எபினேசரின் இரும்புச் சிலுவைகள்

எபினேசரின் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறுகூட வெளியே போகாது என்று, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர் வேலை பார்க்கும் வார்ப்படத் தொழிற்சாலையில் சொல்வார்கள். அவரும் மறுப்பதில்லை. பத்தொன்பது வருடமாகத் தரப் பரிசோதகர். தன் கல்யாணப் பத்திரிகையையே ஓரம் கோணலாக வெட்டியிருக்கிறது என்று அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பியவர்.

அவர் சேர்த்தது ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள். இரண்டு உலகப் போர்களிலும் கொடுத்த இரும்புச் சிலுவைகள், காயம்பட்டவர்களுக்கான பேட்ஜுகள். மணவாள நகர் வீட்டு பீரோவில் அவற்றுக்கென்று மூன்று தட்டுகள். ஒரு சிலுவையின் நடுவே இருந்த ஸ்வஸ்திகத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கெங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எபினேசரின் மனைவி விக்டோரியா மட்டும் அவரிடம் கேட்டார்:

"எத்தினி பேரக் கொன்னதுக்கு இத்தக் குடுத்தாங்களாம்?"

"ஃபினிஷிங்கப் பாரு" என்றார் எபினேசர்.

சங்கடமான கேள்வியிலிருந்து தப்பிக்க அளவுகோலைவிட நல்ல கருவியை மனிதன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. யார் யாரோடு எதற்காகப் போரிட்டார்கள் என்று கேட்டால் எபினேசர் தடுமாறுவார். விளிம்பு எத்தனை மில்லிமீட்டர் என்றால் தூக்கத்திலும் சொல்வார்.

வாங்கியதெல்லாம் ஹாம்பர்க் முகவரி போட்ட ஓர் இணையக் கடையில். பொட்டலம் மும்பையிலிருந்து வரும். சுங்கத் தொல்லை இல்லாமலிருக்க ஜெர்மன்காரன் செய்த ஏற்பாடு என்று அதையும் மெச்சினார். முதல் சிலுவை வந்ததும் வெர்னியர் அளவியை வைத்து அளந்து, தொழிற்சாலை வழக்கப்படி குறைகளை வரிசையாக எழுதி அனுப்பினார். நடுத்தகடு காந்தத்தில் ஒட்டவில்லை. விளிம்பு தடிமன். பற்றவைப்பு தெரிகிறது. கடைக்காரர் மன்னிப்புக் கேட்டு வேறொன்று அனுப்பினார். அது காந்தத்தில் ஒட்டியது. அடுத்ததில் விளிம்பும் சரியானது. நாலு வருடத்தில் பதினோரு கடிதங்கள். சொன்னால் கேட்டுக்கொள்ளும் தேசம் என்று கேன்டீனில் சொல்லிப் பெருமைப்பட்டார். எண்பது வருடத்துக்கு முன் செய்து முடித்த பொருள், கடிதம் போட்டால் எப்படித் திருந்தும் என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

போன மாதம் திருப்பாச்சூரைத் தாண்டி ஒரு ஷெட்டுக்கு அவரை ஆய்வுக்கு அனுப்பினார்கள். தொழிற்சாலைக்கு பிராக்கெட் செய்து தர ஆர்டர் கேட்டிருந்தார் அதன் முதலாளி அப்பாவு. எபினேசர் மிஷின்களைப் பார்த்தார், குறித்துக்கொண்டார், சுவரருகே வந்ததும் நின்றார். லேமினேட் செய்த காகிதங்கள், பதினொன்று. எழுதியவர் பெயர் மட்டும் நீக்கியிருந்தது. நடுத்தகடு காந்தத்தில் ஒட்டவில்லை. விளிம்பு தடிமன். கீழே மேசையில், நேற்று அச்சிலிருந்து வந்ததுபோல் இருபது இரும்புச் சிலுவைகள்.

பீரோவிலிருந்த மூன்று தட்டுகளும் கண்முன் வந்தன. அவை போலியென்றால் அவர் பத்தொன்பது வருடமாக நம்பிய கண்ணும் போலி.

"இது இன்னா?" என்றார்.

"அது சைடு ஆர்டரு சார். மும்பைக்குப் போவுது" என்றார் அப்பாவு. "கஸ்டமரு எவனோ ஜெர்மன்காரன். பேஜாரு புடிச்சவன் சார், எதக் குடுத்தாலும் நொட்டை சொல்வான். ஆனா ஒண்ணு, அவன்கிட்டதான் நாங்க தொழிலே கத்துக்கினோம்."

எபினேசர் ஒரு சிலுவையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். சட்டைப்பையிலிருந்த காந்தத்தை வைத்தார். அளந்தார். அவர் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. அதைத் தூக்கி எறியலாம். நான்தான் அந்தக் கஸ்டமர் என்று சொல்லிவிடலாம். சொன்னால் நாளைக்கே சிப்காட் முழுக்கச் சிரிக்கும். பேசாமல் வெளியே போய்விடலாம் என்று அதைக் கீழே வைத்தார். கை மறுபடி எடுத்தது.

"ரிஜெக்ட்" என்றார்.

"இன்னா சார் கொறை?"

"கறுப்பு ரொம்பப் புதுசா கீது. எண்பது வருசத்துச் சாமான்னா ஓரத்துல பெயின்ட் தேஞ்சிருக்கணும், நடுவுல இல்ல. சட்டையில ஒரசுற எடம் ஓரந்தான்."

அப்பாவு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொண்டார். பிறகு எபினேசரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் அந்த ஜெர்மன்காரன் மாரியே பேசுறீங்க சார்."

 எபினேசர் சிலுவையின் பின்பக்கத்தைத் திருப்பி, சட்டையில் குத்தும் ஊசியின் கீலிலும் ஒரு குறை இருப்பதை விரலால் காட்டினார்.