சிவப்புப் பொட்டு இல்லாத திருகு

மச்சானின் காரியம் முடிந்த பின் அவருடைய கருவிப்பெட்டியை அவர் மகன் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனான். அடியில் விரல் அகலத்தில் ஓர் அட்டைத் துண்டு, எண்ணெய் ஊறிக் கிடந்தது. எங்கள் கல்யாணப் பத்திரிகையிலிருந்து அவர் கத்தரித்தது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். எழுபதுகளில், பொன்னேரியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய காரை மாதம் ஒருமுறை அவர்தான் டியூன் செய்வார். பிளக்குகளைச் சுரண்டித் துடைப்பார். பிளக்குக்குத் தீப்பொறியைத் தூண்டும் பாயிண்டின் இடைவெளியில் அந்த அட்டையைச் செருகிப் பார்த்துத் திருகை முறுக்குவார். முறுக்கியதற்கு அடையாளமாகத் திருகின் தலையில் ஒரு சொட்டுச் சிவப்பு வார்னிஷ் வைப்பார். அந்தப் பொட்டு வைக்காமல் அவர் பாயிண்டின் மூடியைப் போட்டதே இல்லை. “உங்க கல்யாணத்தால எனக்குக் கெடச்ச ஒரே லாபம் இந்த அட்டதான் மாப்ள” என்று சிரிப்பார்.

நான் பொறியியல் படித்தவன்; கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் அதிகாரி. அட்டையால் அளப்பது எனக்குக் கேவலமாகப் பட்டது. மனைவிக்குப் பிரசவம் நெருங்கிய வாரம், அவர் வேலையை முடித்துப் போனதும், ஆலையிலிருந்து கொண்டுவந்த, இடைவெளி அளக்கும் தகடுடன் மூடியைத் திறந்தேன். பொட்டைச் சுரண்டினேன். இடைவெளியைப் புத்தகத்தில் உள்ளபடி வைத்தேன். திருகை இறுக முறுக்கவில்லை. வண்டி கிளம்பியது, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் ஆலையில் இருந்தபோது அவளுக்கு வலி எடுத்தது. மச்சான் காரில் சென்னைக்கு அழைத்துப் போனார். சோழவரம் ஏரிக்கரையருகே வண்டி நின்றது. திருகு தளர்ந்து பாயிண்ட் மூடிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து போய்ச்சேர முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. குழந்தை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஸ்க்ரூவ நான்தான் மாப்ள சரியா முறுக்கல.” “அண்ணன்னு சொல்லிக்கினு இனிமே என் ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது” என்றாள், உள்ளே கட்டிலில் கிடந்து அதைக் கேட்ட மனைவி. அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஏரிக்கரையில் மூடியைத் திறந்தவர் திருகில் சிவப்பு இல்லாததைப் பார்க்காமலா இருந்திருப்பார்? அன்றே எனக்கு இது தெரியும். தங்கையின் வாழ்க்கை கெடக்கூடாதென்று அவர் பழியை ஏற்றுக்கொண்டார்; நான் ஏற்கவிட்டேன். கடைத்தெருவில் அவளைக் கண்டால் அவரே எதிர்ப்பக்கம் போய்விடுவார். அவர் சாவுக்கும் அவள் போகவில்லை.

நேற்று அட்டையை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“மூஞ்சியக்கூடப் பாக்காம இருந்துட்டனே” என்றாள். அவ்வளவுதான்.

இன்று காலை எனக்குக் காபி வைத்தாள். அட்டைத் துண்டை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள்.