மூன்றாவது விதியும் சலூன்காரரும்

எங்கள் மரக்கடைசல் சங்கத்தின் சுவரில் இருக்கும் ஒன்பது விதிகளையும் எழுதியவன் நான்தான். எழுதியதோடு விடவில்லை. லேமினேட் செய்து, நாலு மூலையிலும் ஆணி அடித்ததும் நானே. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் இயந்திரப் பிரிவைக் கட்டி மேய்த்தவன். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோரும் என்னை ஃபோர்மேன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் இருக்கிறது, அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது விதி இப்படி இருக்கும்: "கை நடுக்கம், தலைச்சுற்றல், வலிப்பு உள்ளவர்கள் இயந்திரத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை." இதை நான் பொழுதுபோகாமல் எழுதவில்லை. காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்த ஒருவனுடைய இரண்டு விரல்களைத் தரையிலிருந்து பொறுக்கித் துணியில் சுற்றியவன் நான். அதனால் விதி விஷயத்தில் என்னிடம் யாரும் பல்லைக் காட்ட முடியாது.

அந்த மூன்றாவது விதியை ஒருவர், என் மூக்குக்கு நேரே நின்றுகொண்டு, ஒன்றே முக்கால் வருஷம் மீறினார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். முன்பாதியெல்லாம் அவரும் அவர் மனைவியும் பின்னால் சொல்லி நான் தெரிந்துகொண்டது.

அவர் இருபத்தாறு வருஷம் சொந்தமாகச் சலூன் வைத்திருந்தவர். மூன்று நாற்காலி, மூன்று கண்ணாடி, சுவரில் ஒரு கடிகாரம். சவரம் அவருக்குக் கைவந்த கலை. தூங்கிப்போன ஆளுக்குக்கூடத் தூக்கம் கலையாமல் முடித்து அனுப்புவாராம். ஐம்பத்திரண்டாவது வயதில் வலது கை ஆடத் தொடங்கியது. வேலை எதுவும் இல்லாமல் மடியில் கிடந்தால் சும்மா இருக்கும். டம்ளரைத் தூக்கினால், பேனாவைப் பிடித்தால், சட்டைப் பொத்தானைத் தொட்டால் ஆடும். டாக்டர் உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, மாத்திரை கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் சமாளித்தார். ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் காதோரத்தில் கத்தி பட்டு ரத்தம் வந்துவிட்டது. சின்னக் கீறல்தான். அந்த மனிதரும் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். ஆனால் அடுத்த வாரம் அவர் வேறு சலூனிலிருந்து வெளியே வருவதை இவர் பார்த்துவிட்டார். அன்றைக்கே கத்தியைக் கழுவித் துடைத்து உறையில் போட்டார். கடையைத் தன்னிடம் வேலை பார்த்தவருக்கே கொடுத்துவிட்டு, ஒரு பெரிய துணிக்கடை வாசலில் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனார். டோக்கனும் ஆடும். வாங்குகிறவர்கள் முதலில் டோக்கனைப் பார்ப்பார்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் தாங்காது என்று சொன்னார்.

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைவீதியில் லேத்தைக் கொண்டுபோய் வைத்து, மரத்தைக் கடைந்து காட்டுவோம். கட்டை வேகமாகச் சுற்றும். அதற்கு முன்னால் ஓர் இரும்புத் தாங்கி இருக்கும். உளியை அந்தத் தாங்கியின்மேல் அழுத்தி வைத்து மரத்தைத் தொட்டால், சுருள் சுருளாகச் சீவல் பறக்கும். துணிக்கடைக்கு எதிரிலேயே ஒரு முறை செய்துகாட்டினோம். இவர் சாப்பாட்டு இடைவேளையில் வந்து நின்றவர், சாயங்காலம்வரை வேலைக்குத் திரும்பவில்லை. மேனேஜரிடம் திட்டு வாங்கினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னது இதுதான்: "சலூன்ல தலை நிக்கும், கத்தி போய் வரும். இங்க கட்டை சுத்துது, கத்தி ஒரு இரும்பு மேல உக்காந்துக்கிட்டிருக்கு. இந்தக் கையால இது முடியும்."

அடுத்த ஞாயிறு சங்கத்தில் சேர்ந்தார். ஒரு பழைய அச்சகத்தின் பின்கூடம்தான் எங்கள் இடம். நாலு லேத், பதினாலு உறுப்பினர்கள். முதல் நாளே விதிப் பலகையின் முன்னால் நின்று வெகுநேரம் படித்தார். நான் உள்ளூர மகிழ்ந்துபோனேன். அதை முழுசாகப் படித்த முதல் மனிதர் அவர்தான்.

வந்த மாதமே எங்கள் உளிகளையெல்லாம் தீட்டித் தந்துவிட்டார். நாங்கள் அதுவரை உளி என்று நினைத்துப் பிடித்திருந்ததெல்லாம் கரண்டிகள் என்று அப்போதுதான் தெரிந்தது. கூர் வைப்பதற்கென்றே ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று எல்லோரும் அவர் மேசையில் உளிகளைக் குவித்தார்கள். அவர் பொறுமையாகத் தீட்டிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு வாரமும் கடைசியில் அதே கேள்வியைக் கேட்பார், மூலை லேத் காலியா என்று. அதில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றார்.

ஆரம்பத்தில் அவருடைய கட்டைகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. ஒன்று என் தலைக்கு மேல் போய் ஜன்னலில் அடித்தது. அவர் தரையைப் பெருக்கிவிட்டு அடுத்த கட்டையை மாட்டினார். மெல்ல ஒரு முறையைக் கண்டுபிடித்தார். முதலில் உளியைத் தாங்கியில் அழுத்துவார். முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொள்வார். அப்புறம் கையை அசைக்கவே மாட்டார், உடம்போடு சாய்ந்து நகருவார். கட்டை நிற்கும்வரை உளியை எடுக்க மாட்டார். பாதுகாப்பாக வேலை செய்வது எப்படி என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என மற்றவர்களுக்கு நானே பாடம் எடுத்தேன். இப்போது நினைத்தால் என் மேல் எனக்கே சிரிப்பு வருகிறது.

மறைப்பதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டீ வந்தால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். பென்சிலால் குறிக்க வேண்டுமென்றால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று கட்டையை யாரிடமாவது நீட்டுவார். மூடியைப் பொருத்திப் பார்க்கும்போது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். தொழில் ரகசியத்தை மறைக்கிறார், கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர் என்று முடிவு கட்டியிருந்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லோரையும் கவனிப்பவன் என்று பெயர் வாங்கியவன் நான்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்குள் ஒரு போட்டி வைப்போம். எல்லோருக்கும் ஒரே அளவுக் கட்டை, நாலு நாலு பேராக ஒன்றரை மணி நேரம், மூடியுள்ள ஒரு சிமிழ். மூடியை மட்டும் இரண்டு விரலால் தூக்கினால் சிமிழ் முழுவதும் கூடவே எழும்ப வேண்டும். பிறகு தானாக நழுவி மெல்ல மேசைக்கு இறங்க வேண்டும். நடுவர் நான். வெற்றி வழக்கமாகப் பள்ளிக்கூடக் கணக்கு டீச்சருக்குத்தான். கோப்பையை இப்போது அவர் வீட்டில் பேனா வைக்கப் பயன்படுத்துவதாகக் கேள்வி.

சலூன்காரருக்குக் கோப்பை மேல் கண் இல்லை. ஐந்தாவது விதியின்படி, போட்டியில் ஒரு சிமிழையாவது முடித்து நடுவரிடம் ஒப்படைத்தவர்தான் கடைவீதியில் செய்துகாட்டலாம். அதுதான் அவருக்கு வேண்டும். கத்தியோடு தன்னை நாலு பேர் மறுபடி பார்க்க வேண்டும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நின்றால் குட்டு உடைந்துவிடும், இருக்கிற ஞாயிற்றுக்கிழமையும் கையை விட்டுப் போகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அவர் கேட்கவில்லை. கடைசியில் அந்த அம்மாவும் போட்டியன்று கூடவே வந்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தார்.

அன்று காலையில் நான் பத்தாவது விதியை அறிவித்தேன். போன வருஷம் இரண்டு சிமிழ்கள் மாறிப்போய், டீச்சருடையதை இன்னொரு உறுப்பினரான பேக்கரிக்காரருடையது என்று தவறாக மதிப்பெண் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் தப்பு செய்கிற அதிகாரி புது விதி போடுவது உலக வழக்கம். எனவே இந்த வருஷம் சிமிழை ஒப்படைக்கும்போது, செய்தவரே என் மேசைக்கு வந்து, என் எதிரில், அடிப்பக்கத்தில் தன் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும். பெயர் இல்லாத சிமிழ் கணக்கில் வராது.

இதைக் கேட்டதும் சலூன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. நான் அதைப் போட்டிப் பயம் என்று நினைத்தேன்.

வேலையில் ஒரு குறையும் இல்லை. கட்டையை உருளையாக்கி, வெட்டி, உள்ளே குடைந்து, மூடி உட்கார உதடு எடுத்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு உளி மரத்தை மழமழவென்று விட்டுப் போயிருந்தது. நேரம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது லேத்தை நிறுத்தினார். ஆனால் என் மேசைக்கு வராமல் சிமிழை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மனைவி எழுந்து போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். தானே எழுதிவிடுவதாகவும், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் சொல்லிவிடும்படியும் கெஞ்சியிருக்கிறார். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

"ஏங்க, போதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"செஞ்சது நான். பேரையும் நானே எழுதறேன்."

வந்தார். சிமிழைக் கவிழ்த்து வைத்தார். பேனாவை எடுத்தார். கை ஆடத் தொடங்கியது. முதலில் கொஞ்சமாக, பிறகு மணிக்கட்டு முழுவதும். பேனா முனை மரத்தில் டொக் டொக்கென்று தட்டியது. ஒவ்வொரு லேத்தாக நின்றது. இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினார். முதல் எழுத்து கோணிக்கொண்டு விளிம்புக்கு ஓடியது. பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். ஒரு பெயர் எழுத நாலு நிமிஷம். நான் உதவிக்குக் கையை நீட்டவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

மூன்றாவது விதி தெரியுமா தெரியாதா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். மனப்பாடமாகவே தெரியும் என்றார். அப்படியானால் எங்களை ஏமாற்றியிருக்கிறீர்கள் என்றேன்.

"ஆமா சார், ஏமாத்தினேன். சொல்லியிருந்தா அன்னிக்கே வாசலோட அனுப்பியிருப்பீங்க. இப்ப அனுப்பறதுன்னாலும் அனுப்புங்க, போயிடறேன். ஆனா பேனா பிடிச்ச கையப் பாத்து அனுப்பாதீங்க. உளி பிடிச்ச கையப் பாத்துட்டு அனுப்புங்க."

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அப்புறம் யோசித்தேன். விதியை மீறியது பாதிதான். ஒன்றே முக்கால் வருஷம் பக்கத்திலேயே நின்றும் எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்பதுதான் மீதிப் பாதி. வெட்கத்தை மறைக்கக் கத்துவது எனக்குப் பழக்கம்.

அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே மோசமான கட்டையாக எடுத்தேன். மூன்று கணு, ஒரு பக்கம் வெடிப்பு. மூலை லேத்தில் மாட்டினேன். அவர் உளியை எடுத்ததும் நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குள் அந்தக் கை ஆடியது. உளி தாங்கியைத் தொட்டது, அவர் அழுத்தினார், முழங்கை இடுப்போடு ஒட்டியது. ஆட்டம் நின்றுவிட்டது. இயந்திரத்தின் அதிர்வைத் தவிர வேறெதுவும் என் கைக்குத் தெரியவில்லை. கணு வரும்போது உளி துள்ளும், அங்கே பிடிபடுவார் என்று காத்திருந்தேன். கணு வந்தது, போனது. மூன்றும் போயின. இன்னும் மெல்லிசாக்குங்கள் என்றேன். பென்சில் பருமனுக்குக் கொண்டுவந்தார். இருபது நிமிஷம் நான் மணிக்கட்டை விடவில்லை. பிறகு கடைந்த பரப்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு அலைகூட இல்லை.

இதைக் கருணை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சிமிழுக்கு மூன்றாவது இடம்தான் கொடுத்தேன், மூடி கொஞ்சம் அவசரமாக இறங்கியது. இனிமேல் ஒவ்வொரு ஞாயிறும் லேத்தைத் தொடும் முன் என்னிடம் வந்து கையைக் காட்ட வேண்டும், உளியை வைத்து நான் பார்த்த பிறகுதான் வேலை, நான் வேண்டாம் என்று சொல்கிற அன்றைக்கு வேண்டாம், பேச்சே கிடையாது என்றேன். சரி என்றார். கடைவீதிக்கு எப்போது என்று கேட்டார். அந்த மனிதரின் பிடிவாதம் அப்படி.

இரண்டு மாதம் கழித்து அந்த நாளும் வந்தது. அதே துணிக்கடைக்கு எதிரே லேத்தை வைத்தோம். ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். துணிக்கடையில் அவரோடு வேலை செய்கிறவர்களும் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர் மனைவி முன்வரிசையில் நின்றார். லேத்தைப் பார்க்காமல் கூட்டத்தின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேராக வேலையைத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவர் வலது கையில் உளியைத் தூக்கி, எல்லோருக்கும் தெரியும்படி முன்னால் நீட்டினார். உளியின் முனை காற்றில் ஆடியது.

"இதான் என் கை. மூணு வருஷமா இப்படித்தான். நல்லா பாத்துக்குங்க, அப்புறம் ஆரம்பிக்கறேன்."

ஒரு அம்மா குழந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். இரண்டு பேர் நகர்ந்து போனார்கள். அவர் காத்திருந்தார், போகிறவர்கள் போகட்டும் என்று. பிறகு உளியைத் தாங்கியில் வைத்தார்.

நான் பக்கத்திலேயே நின்று, சிவப்பு நிறுத்துப் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தேன். சீவல் பறந்து என் சட்டையிலும் மீசையிலும் ஒட்டியது. தட்டிவிடவில்லை. முக்கால் மணி நேரம் அந்த விரலை நான் எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை.