இன்னும் வராத நாட்களின் துப்புரவு

என் கணவர் இராகு காலத்தில் கோப்பிக்கொட்டை வறுக்கமாட்டார். சுவிஸில், சோலோதுர்ன் நகரில் ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நாங்கள் இருவர் மட்டும் நடத்தும் சின்ன வறுவல் கடை அது. நான் முன்னால் பொதி கட்டி விற்பேன். அவருடைய ராச்சியம் மெசின் நிற்கும் பின்னறை. தினமும் அந்த ஒன்றரை மணிநேரம் மெசினை நிற்பாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே தேத்தண்ணியும் தொலைபேசியுமாகக் கிடக்கிறார் என்பது என் முடிவு. "ராகு வந்தா எங்கட வீட்டில ஒராளுக்கு லீவு" என்று எங்கள் ஊர்ச் சனம் கடைக்கு வரும்போதெல்லாம் நக்கலடிப்பேன்.

போன வருடம் தீப்பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கொட்டை வறுபடும்போது மெல்லிய தோல் கழன்று பறந்து ஒரு தகரப் பெட்டியில் சேரும். அதைத் தினமும் அள்ளித் துடைக்காவிட்டால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். எங்கள் தலைக்கு மேலே நாலு மாடிக்குச் சனம் இருக்கிறது. ஆகவே எந்த நாள், எத்தனை மணிக்குப் பெட்டி துப்புரவானது என்று எழுதிவைத்த தாளைப் பார்க்க அடுத்த செவ்வாய் ஆள் வருமாம். தாள் சரியில்லை என்றால் மெசினுக்குச் சீல்.

ஆணியில் தொங்கிய தாளைப் போய்ப் பார்த்தேன். அந்த மாதம் முதலாம் திகதிக்கு ஒரு வரி. பிறகு வெள்ளை. அவரைக் கேட்டேன். "எழுதத்தான் வேணும்" என்றார். எழுதாதவர் துடைத்திருக்கவும் மாட்டார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. இருபது வருடம் சுவிஸில் இருந்தவளுக்குத் தாள்தானே முக்கியம்.

வீட்டு மேசையில் இருந்து, இரண்டு பேனைகளை மாற்றி மாற்றி எழுதினேன். மெசின் ஓடாத நேரம்தானே துடைக்கலாம்? அதனால் நாட்காட்டியைப் பார்த்து இராகு காலத்தையே நேரமாகப் போட்டேன். திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை. கை ஒரு ஓட்டம் பிடித்துவிட்டது. கடைசி வரி வரை நிரப்பியபிறகுதான் பேனையை வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

செவ்வாய் மூன்றரைக்கு வந்த அதிகாரி நெட்டையான, மெதுவாகப் பேசும் மனிதர். தாளில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இருபத்தெட்டாம் திகதி காலை ஏழரைக்கும் துடைத்துவிட்டீர்கள். இன்று இருபத்திரண்டு."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியமாதிரி இருந்தது. மெசின் போனால் இந்த வயதில் எந்த ஹோட்டல் குசினியில் போய் வேலை கேட்பது? நான்தான் எழுதினேன், ஒரே இருப்பில் எழுதினேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அதிகாரி பின்னறைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். டோர்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்தார். தான் வருவதற்காக இன்று மட்டும் துடைத்திருந்தால் மூலைகளில் பழைய பிசுக்கு இருக்கும், இது தினமும் துடைத்த பெட்டி என்றார்.

என் கணவர் தலையைச் சொறிந்தார். டாவோஸ் ஹோட்டலில் பதினைந்து வருடம் கோப்பை கழுவிய மனிதர். "ஓம், கொட்டை வறுக்கேலாத நேரம் வேற என்ன செய்யிறது? துடைப்பன். ஆனா ராகு காலத்தில கையெழுத்து வைக்கக்கூடாதெல்லோ. பிறகு வைப்பம் எண்டு மறந்துபோடுவன்" என்று என்னிடம் சொன்னார். நான் பொய் என்று நினைத்து எழுதிய நேரமெல்லாம் உண்மை. அதை அதிகாரியின் டொச் மொழியில் எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி என் தாளைக் குறுக்காகக் கோடு போட்டு வெட்டினார். எழுதாத தாளைவிடப் பொய்த்தாள் மோசம், ஆனால் பெட்டிக்காக இந்த முறை சீல் இல்லை என்றார். புதுத்தாள் ஒன்றை நீட்டினார். துடைத்தவர் துடைத்த உடனேயே கையெழுத்து வைக்கவேண்டும், இன்றையது இப்போதே.

மணி மூன்று ஐம்பது. இராகு காலம் நாலரை வரை. கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதிய அன்று ராகு முடியும்வரை கட்டடச் சொந்தக்காரரை ஒரு மணிநேரம் காக்கவைத்தவர் என் கணவர்.

"நாப்பது நிமிசம் பொறுக்கச் சொல்லிக் கேக்கட்டோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேண்டாம். நீர் வெருண்டுபோய் நிக்கிறீர்" என்றார்.

நேரத்தையும் ஒழுங்காக எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனையைத் திருப்பித் தந்தபோது அவர் கை நடுங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் இன்றும் அவரை நக்கலடிக்கிறேன். அந்த நடுக்கத்தைப் பற்றி மட்டும் ஒருவரிடமும் கதைத்ததில்லை.