தையல்காரர் வாய் திறந்த கதை

மூன்று தெரு கூடும் முனையில் தையல் கடை வைத்திருந்தவரை எல்லாரும் 'மௌன டெய்லர்' என்றார்கள். அளவு எடுப்பார், நோட்டில் குறிப்பார், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதற்கு விரலைக் காட்டுவார். அவருக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே சிரித்து ஓய்ந்தது. அன்றைக்கு வாயைக் கட்டியவர்தான்.

மகள் பிறந்தபோது அந்தக் கட்டை இன்னும் இறுக்கினார். தன் திக்கல் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று பயம். மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். மூன்று வயது மகள் பாலர் பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, வெட்டுத் துணிக் குவியலில் உட்கார்ந்துகொள்வாள். அப்பா, மகள், மெஷின். அதில் சத்தம் போடுவது மெஷின் மட்டும்.

பாலர் பள்ளி டீச்சர் ஒருநாள் கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, பாப்பா எதைக் கேட்டாலும் 'அது', 'இது'ன்னு விரலைத்தான் நீட்டுறா. காது நல்லாக் கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவகிட்ட பேச்சு கொடுக்கிறது யாரு?"

அவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையைத் தடவினார். "நா... நான் பேசினா அவளுக்கும் ஒ... ஒட்டிக்கும் டீச்சர்."

"திக்கல் என்ன சொறியா சிரங்கா, ஒட்டிக்க? காதுல விழாத வார்த்தைய நாளைக்கு எழுத்துக் கூட்டிப் படிச்சாலும் அவளுக்கு அர்த்தம் தெரியாதுண்ணே. செய்யுற வேலையைச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. கேள்வி கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் பொறுங்க."

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆரம்பித்தார்.

"இது கத்... கத்..."

மகள் அவர் வாயையே பார்த்தாள். "கத்திரிக்கா?"

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் திக்கும்போது எத்தனையோ பேர் முகத்தைத் திருப்பியிருக்கிறார்கள். இவள் காத்திருந்தாள்.

"கத்திரிக்கோல். இதால என்ன செ... செய்யலாம்?"

"வெட்டு."

அதற்குப் பிறகு நூல் அறுந்தால், ஏன் அறுந்தது என்று இருவரும் பேசினார்கள். வழவழப்பு, முரடு, பிசிறு, இறுக்கம் எல்லாம் அவள் வாய்க்கு வந்தன. அவர் திக்கிய இடத்தில் அவள் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பாள். பாதி தப்பாக இருக்கும். ஆள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்தவர், போகப் போக நிறுத்தவில்லை. திக்கல் போகவில்லை, வெட்கம்தான் போனது. "எனக்குப் பேச இடமே விடமாட்டேங்கறீங்களே ரெண்டு பேரும்" என்று மனைவி குறைப்பட்டாள். குரலில் குறை இல்லை.

ஒன்றாம் வகுப்பில், 'யானையின் தோலில் நிறைய சுருக்கம்' என்ற வரியைப் பிள்ளைகள் கடகடவென்று படித்தார்கள். சுருக்கம் என்றால் என்ன என்று வகுப்பு டீச்சர் கேட்டதும், அதே வரியை மறுபடியும் படித்தார்கள். தையல்காரர் மகள் எழுந்தாள்.

"துணியைக் கசக்கினா வருமே, அது. எங்கப்பா தண்ணி தெளிச்சு அயர்ன் பண்ணிடுவாரு. யானைக்குப் பண்ண முடியாது. சுடும்."

சாயங்காலம் இதை அவள் கடையில் வந்து சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, பட்டன் வைக்க வந்திருந்தவரிடம் ஒன்றுவிடாமல் திக்கித் திக்கிச் சொன்னார். அந்த மனிதர் பஸ்ஸைத் தவறவிட்டார்.